சைட் ரீடிங்: புத்தகமா, செயலியா, பாமாலையா, பக்கத்தில் ஒருவரா?

கிரேடு 4 தேர்வுக்கான மூன்று பாடல்களையும் தாளைப் பார்க்காமலே வாசிக்கிற பிள்ளை, இதுவரை பார்த்திராத ஒரு கிரேடு 1 தாளை ஸ்டாண்டில் வைத்ததும் இரண்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்) நின்றுவிடுகிறது. பார்த்திராத தாளை முதல் பார்வையிலேயே வாசிப்பதைத்தான் சைட் ரீடிங் என்கிறோம். மதுரையில் பியானோ, கீபோர்டு கற்கும் வீடுகளில் இது வழக்கமான காட்சி. பிள்ளைக்குத் திறமை குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. மூன்றே பாடல்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வாசித்தால் விரல் பழகும், கண் பழகாது. போதாததற்கு நோட்டுக்கு மேலே பென்சிலால் சி, டி, இ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கண் அந்த எழுத்தைப் படித்துக்கொண்டு போகிறது, நோட்டுகள் எழுதியிருக்கும் ஐந்து கோட்டை, அதாவது ஸ்டாஃபைப் பார்ப்பதே இல்லை. கீபோர்டு வகுப்புகளில் வலது கைக்கு மெட்டு, இடது கைக்குக் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின்) பெயர் என்று பழக்குவதால் இன்னொரு குறையும் சேர்கிறது. அப்படி மூன்று வருடம் படித்தவரிடம் பேஸ் கிளெஃபில் (பெரும்பாலும் இடது கைக்கான கீழ் வரியில்) ஒரு நோட்டைக் காட்டினால், அடிக்கோட்டிலிருந்து எண்ணித்தான் பெயர் சொல்வார்.

தேர்வு முறையும் இதைத் தள்ளிப்போட இடம் கொடுக்கிறது. கிரேடு தேர்வுகளை நடத்தும் லண்டன் வாரியங்கள் ஏபிஆர்எஸ்எம்மும் டிரினிட்டியும். ஏபிஆர்எஸ்எம் நேரடித் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண், அதில் சைட் ரீடிங்குக்கு 21. டிரினிட்டியில் 100க்கு 10. அங்கே பியானோவுக்குக் கிரேடு 5 வரை நான்கு துணைத் தேர்வுகளில் ஏதாவது இரண்டை எடுத்தால் போதும் என்பதால், சைட் ரீடிங்கைத் தொடாமலே ஐந்து கிரேடு ஏறிவிடலாம். கிரேடு 6இல் அது கட்டாயமாகும்போதுதான் கால் இடறுகிறது. ஏபிஆர்எஸ்எம் 2020இல் தொடங்கிய வீடியோ பதிவுத் தேர்வில் சைட் ரீடிங்கே கிடையாது. சான்றிதழ் மட்டும் போதும் என்றால் அப்படியே போகலாம். ஆனால் அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதித் தந்ததைச் சென்னை ஸ்டுடியோக்களில் கைக்கு வந்ததும் பார்த்து வாசித்துப் பதிந்த கலைஞர்களுக்கு இந்தத் திறமைதான் சோறு போட்டது. இசையில் நிலைக்க நினைக்கும் பிள்ளைக்கு இதை விருப்பப் பாடமாக வைக்கக் கூடாது.

பயிற்சிக்கு நம் ஊரில் நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: கிரேடு வாரியான பயிற்சிப் புத்தகம், போன் செயலி, பாமாலை (தேவாலயத் தமிழ்ப் பாடல்) ட்யூன் புத்தகம், இன்னொருவரோடு சேர்ந்து வாசிப்பது. நான்கும் வெவ்வேறு குறையைத்தான் சரிசெய்யும். அதனால் முதலில் உங்கள் குறை எது என்று தெரிய வேண்டும்.

எங்கே உடைகிறது?

நீங்கள் இருக்கும் கிரேடுக்கு இரண்டு கிரேடு கீழே, பார்த்திராத எட்டு பார் எடுங்கள். மெட்ரோனோமை (துடிப்பு தட்டித் தரும் கருவி) நிமிடத்துக்கு 60இல் வையுங்கள். இரண்டு பார் வெறுமனே எண்ணிவிட்டு வாசியுங்கள், போனில் பதியுங்கள். பிறகு கேட்டுக்கொண்டே, தடங்கிய ஒவ்வோர் இடத்தையும் தாளில் வட்டமிட்டு, ஏன் தடங்கியது என்று எழுதுங்கள்.

பெரும்பாலும் நான்கில் ஒன்றுதான் வரும். நோட்டின் பெயரே சட்டென்று வரவில்லை; இது அதிகமும் பேஸ் கிளெஃபிலும், கோட்டுக்கு வெளியே கூடுதல் கோடு போட்டு எழுதிய நோட்டுகளிலும் நடக்கும். அல்லது நோட்டு தெரிந்தது, காலப்பிரமாணம் குழம்பியது: புள்ளி வைத்த கிராட்செட்டும் (ஒன்றரைத் துடிப்பு) அதை அடுத்த குவேவரும் (அரைத் துடிப்பு) வழக்கமான குற்றவாளிகள். அல்லது கண் விரலைத் தேடிக் கீழே போனது, திரும்பி வரும்போது எந்த வரி என்று தொலைந்தது. நான்காவது, தவறாக வாசித்ததும் நின்று, திருத்தி, மறுபடி வாசிப்பது.

இந்த நான்காவதுதான் மிகப் பரவலானது, கெடுதலும் அதிகம். அன்றாடப் பயிற்சியில் தவறைத் திருத்துவது நல்ல பழக்கம் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். பாடலைத் தேற்றும்போது அது சரி. முதல் பார்வையில் வாசிக்கும்போது அதே பழக்கம் கண்ணைப் பின்னுக்கு இழுக்கிறது. இசை உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1974இல் வெளியிட்ட ஆய்வில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே தாளை மறைத்துப் பார்த்தார். நன்றாகப் படிப்பவர்கள் மறைத்த பிறகும் ஏழு நோட்டு வரை சரியாக வாசித்தார்கள். தடுமாறுபவர்களுக்கு மூன்று நான்குதான் வந்தது. கண் விரலுக்கு முன்னால் ஓடும் இந்த இடைவெளிதான் சைட் ரீடிங். நின்று திருத்துகிற ஒவ்வொரு தடவையும் அது பூஜ்யமாகிறது.

ஆகவே இந்த நான்கு வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்: எது உங்களை நிற்க விடாது? விலை, வசதி எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பயிற்சிப் புத்தகம்

இதன் பலம், அளவு பார்த்து ஏற்றுவது. ஏபிஆர்எஸ்எம் முறையில் கிரேடு 1இல் இரண்டு கையும் தனித்தனியாகத்தான் வாசிக்கும், விரல் ஐந்தும் ஒரே இடத்தில் இருக்கும். கிரேடு 2இல்தான் இரண்டு கையும் சேரும். இப்படிப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகிற வேலையை வேறெந்த வழியும் இவ்வளவு ஒழுங்காகச் செய்யாது.

தேர்வில் பார்த்துக்கொள்ளத் தருவது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தை முதல் பாரை வாசித்துப் பார்ப்பதிலேயே பலர் செலவழித்துவிடுகிறார்கள். முதல் பார் பொதுவாக எளிதுதான். கீ சிக்னேச்சரை (வரித் தொடக்கத்தில் உள்ள ஷார்ப், ஃபிளாட் குறிகளை) பாருங்கள், கடைசி பேஸ் நோட்டைப் பாருங்கள். மேஜரா மைனரா என்று அங்கே தெரிந்துவிடும். டி மைனர் என்றால் சி ஷார்ப்பும் ஏ மைனர் என்றால் ஜி ஷார்ப்பும் எங்கே வருகின்றன என்று தேடுங்கள். அடுத்து, ஆகச் சிறிய நோட்டுகள் நிறைந்திருக்கும் பாரைக் கண்டுபிடித்து, அதை எந்த வேகத்தில் வாசிக்க முடியுமோ அந்த வேகத்தையே முழுப் பயிற்சிக்கும் வையுங்கள். கை மாறும் இடத்தில் விரலை மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சமிருந்தால் முதல் பாருக்குப் போகலாம்.

குறை என்னவென்றால், புத்தகம் தீர்ந்துபோகும். நாளுக்கு ஐந்து பயிற்சி என்றால் மாதத்துக்கு நூற்றைம்பது வேண்டும். இரண்டாம் முறை வாசித்தால் அது சைட் ரீடிங் இல்லை, ஒத்திகை. அடுத்த கிரேடு புத்தகத்துக்குத் தாவுவது தப்பு. அகலத்தில்தான் விரிய வேண்டும். ஒரே தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகள் கற்றால் வெவ்வேறு புத்தகம் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். காப்புரிமை தீர்ந்த தாள்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செர்னி, கோலர், குர்லிட் ஆகியோரின் தொடக்கநிலைப் பாடங்கள் அங்கே உண்டு. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் மிக்ரோகாஸ்மாஸ் ஆறு தொகுதி, 153 பாடல்கள். அவர் இறந்தது 1945. இந்தியச் சட்டப்படி மறைவுக்குப் பின் அறுபது ஆண்டுதான் காப்புரிமை என்பதால், அவர் எழுதியது நமக்குத் திறந்துகிடக்கிறது. முதல் தொகுதியை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விசேஷமாகச் சொல்லலாம். சினிமாப் பாட்டில் ஊறிய காது, மெட்டு அடுத்து எங்கே போகும் என்று ஊகித்துவிடும். பாதி தாளைப் பார்க்காமலே ஓட்டிவிடும். பார்டோக்கின் மெட்டுகள் அந்த ஊகத்துக்கு மசியாது. படித்துத்தான் ஆக வேண்டும்.

எதை எடுத்தாலும் அச்செடுத்து வையுங்கள். போன் திரையில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். முன்னால் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில், முன்னால் பார்க்க ஒன்றும் இருக்காது.

இன்னொன்று: புத்தகம் மட்டும் இருந்தால் நீங்கள் நிற்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. மெட்ரோனோம் கட்டாயம். எட்டு பாரில் இரண்டு மூன்று நோட்டுக்கு மேல் தவறினால் ஒரு கிரேடு இறங்குங்கள். ஒரு தவறும் இல்லாமல் மூன்று நாள் போனால் ஏறுங்கள்.

செயலி

நோட்டைக் காட்டிப் பெயர் கேட்கும் செயலி முதல் வகைக் குறைக்கு மருந்து, மற்ற மூன்றுக்கும் இல்லை. நாளுக்கு ஐந்து நிமிடம், பேஸ் கிளெஃப் மட்டும், மூன்று வாரம். ஆரப்பாளையத்திலிருந்து மாட்டுத்தாவணி போகும் பேருந்தில் உட்கார்ந்துகூடச் செய்யலாம். எல்லா நோட்டையும் ஒரேயடியாகக் கேட்காமல் ஐந்து அடையாள நோட்டிலிருந்து தொடங்குங்கள்: நடு சி, ட்ரெபிளில் (பெரும்பாலும் வலது கைக்கான மேல் வரியில்) கீழிருந்து இரண்டாம் கோட்டு ஜி, மூன்றாம் இடைவெளி சி, பேஸில் மேலிருந்து இரண்டாம் கோட்டு எஃப், கீழிருந்து இரண்டாம் இடைவெளி சி. மற்றவை இவற்றிலிருந்து சில படி தூரம்தான். பெயர் ஒரு விநாடிக்குள் வந்துவிட்டால் செயலியை மூடிவிடலாம்.

ஏனென்றால் நன்றாக வாசிப்பவர் நோட்டுக்கு நோட்டு பெயர் சொல்லிக்கொண்டு வாசிப்பதில்லை, தூரத்தைப் பார்க்கிறார். தொடங்கும் நோட்டையும் சேர்த்து எண்ணினால், கோட்டிலிருந்து அடுத்த கோடு என்றால் மூன்று, ஒரு கோட்டைத் தாண்டிய கோடு என்றால் ஐந்து. கோட்டிலிருந்து இடைவெளிக்குப் போனால் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. இந்தக் கணக்கு கண்ணில் படிந்தால் பெயர் தேவையே இல்லை.

யுஎஸ்பி கேபிளால் கீபோர்டை இணைத்து, வாசிப்பதைச் சரிபார்க்கும் செயலிகளும் உண்டு. அவற்றில் சரியான நோட்டை அழுத்தும் வரை திரை காத்திருக்கும் முறைதான் பலவற்றில் முதலில் இருக்கும். அதை உடனே அணையுங்கள். நிற்பதைக் கற்றுக்கொடுக்க அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. கேபிள் இல்லாமல் மைக் வழியாகக் கேட்கும் செயலி, தலைக்கு மேல் மின்விசிறி ஓடும் வீட்டில் கார்டுகளைத் தப்பும் தவறுமாகக் கேட்கும். சரியாக வாசித்த பிள்ளைக்குச் சிவப்பு விழும். மேலிருந்து வண்ணப் பட்டைகள் விழும் யூடியூப் வீடியோக்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அதில் படிப்பு எதுவும் நடப்பதில்லை.

பாமாலை

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களில் ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனையும் உண்டு, பாமாலையும் உண்டு. கீர்த்தனை நம் ராக தாள மரபில் வந்தது, பெரும்பாலும் காதால் பிடிப்பது. சைட் ரீடிங்குக்கு உதவாது. பாமாலை மேல்நாட்டு மெட்டில் அமைந்த தமிழ்ப் பாடல். அதற்கான ட்யூன் புத்தகத்தில் நான்கு குரலும் இரண்டே ஸ்டாஃபில் அடைபட்டிருக்கும். ட்ரெபிளில் தண்டு மேலே நோக்கினால் சோப்ரானோ, கீழே நோக்கினால் ஆல்டோ. பேஸ் கிளெஃபில் மேலே டெனர், கீழே பேஸ். இதைப் பயிற்சித் தாளாக எடுத்துக்கொள்ள ஆலயத்துக்குப் போகிறவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கிரேடு 4, 5 அளவில் இருக்கும் யாருக்கும் மதுரையில் கிடைக்கும் மிகச் சிறந்த தாள் இது என்பது எங்கள் உறுதியான கருத்து.

காரணம் அதன் அமைப்பு. மெட்டுகள் பெரும்பாலும் நான்கு வரி, நடை கிராட்செட்டும் (ஒரு துடிப்பு) மினிமுமாக (இரண்டு துடிப்பு) இருக்கும். காலப்பிரமாணத்தில் சிக்கல் இல்லாததால் முழுக் கவனமும் மேலும் கீழும் அடுக்கிய நோட்டுகளைப் படிப்பதற்குப் போகிறது. பேஸ் கிளெஃபைத் தவிர்க்கவே முடியாது. அதோடு, சபை காத்திருக்காது. நூறு பேர் பாடிக்கொண்டிருக்கும்போது விட்ட நோட்டைத் தேடி யாரும் பின்னால் போக முடியாது. நாம் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறில்லை.

ஆனால் எடுத்த எடுப்பில் நான்கு குரலையும் வாசிக்கப் போனால் எதுவும் நடக்காது. முதல் இரண்டு வாரம் மெட்டை வாயால் பாடிக்கொண்டு, இடது கையில் பேஸ் குரல் மட்டும். அடுத்த இரண்டு வாரம் சோப்ரானோவும் பேஸும். இந்த இரண்டும் தடங்காமல் ஓடினால் பாடுபவர்களுக்குப் பெரும்பாலும் போதும் என்பதை மறக்க வேண்டாம். பிறகு ஆல்டோ. டெனர் கடைசி. டெனரும் பேஸும் ஓர் ஆக்டேவை (எட்டு நோட்டுத் தூரத்தை) தாண்டி விரிந்தால் இடது கை எட்டாது. அந்த டெனர் நோட்டை வலது கையின் கட்டைவிரல் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன வளைவு போட்டுக்கொள்வது தப்பில்லை. கார்டை எப்போதும் கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

ஒரு பாட்டில் நான்கைந்து சரணம் இருக்கும், மெட்டு ஒன்றுதான். முதல் சரணத்தில் மட்டுமே நீங்கள் புதிதாகப் படிக்கிறீர்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது சரணத்துக்குச் சரணம் குரல்களை மாற்றுங்கள்: சோப்ரானோ–பேஸ், ஆல்டோ–பேஸ், சோப்ரானோ–டெனர். ஒரே பக்கம் மூன்று தாளாகிவிடும்.

பலரும் சறுக்கும் இடம் வரி முடிவு. அங்கே நீண்ட நோட்டு வரும், சபை மூச்சு எடுக்கும், வாசிப்பவர் அந்த இடைவெளியில் அடுத்த கார்டைத் தேடுவார். நாளடைவில் அந்த நோட்டு ஒரு துடிப்பு நீண்டுவிடும், சபையும் அப்படியே பழகிவிடும். நீண்ட நோட்டை அழுத்திய கணமே கண் அடுத்த வரியின் முதல் பேஸ் நோட்டில் இருக்க வேண்டும். அழுத்திய விரலைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

இன்னொரு தொல்லை டிரான்ஸ்போஸ் பட்டன். எல்லாவற்றையும் சி மேஜரில் வாசித்து, பட்டனைத் தட்டிச் சுருதியை மாற்றிக்கொள்வது கீபோர்டுகாரர்களிடம் ஊறிப்போன பழக்கம். ட்யூன் புத்தகத்தில் இ ஃபிளாட், ஏ ஃபிளாட் சாதாரணம். கண் இ ஃபிளாட்டைப் பார்க்க, விரல் சி-யில் இருந்தால் தாளுக்கும் கைக்கும் உறவே ஏற்படாது. சைட் ரீடிங் நேரத்தில் அந்தப் பட்டனைத் தொடக் கூடாது.

பாடகர் குழுக்களில் டானிக் சோல்ஃபா பார்த்துப் பாடுபவர்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய அந்த முறையில் டோ எந்தச் சுருதியிலும் நிற்கும், நம் ஸட்ஜம் போல. சோல்ஃபா தெரிந்தவருக்கும் கர்நாடக சங்கீதம் கற்றவருக்கும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் உள்ள தூரம் ஏற்கெனவே மனதில் இருக்கிறது. தாளில் டோ எங்கே என்று தெரிந்தால் போதும். ஷார்ப் உள்ள சிக்னேச்சரில் கடைசி ஷார்ப் 'நி'. அதற்கு அடுத்த மேல்படி 'ஸ'. ஃபிளாட் உள்ளதில் கடைசி ஃபிளாட் 'ம'. ஒன்றுக்கு மேல் ஃபிளாட் இருந்தால் கடைசிக்கு முந்தைய ஃபிளாட்தான் 'ஸ'. இரண்டு வரிச் சூத்திரம், ஆனால் ஆண்டுக்கணக்கில் தடுமாறியவர்களை இது நகர்த்திவிடும்.

கிரேடு 3க்குக் கீழே இருப்பவருக்கு இந்த வழி வேண்டாம். ஒரே நேரத்தில் நான்கு நோட்டு என்பது அவருக்குச் சுமை. சுமை கூடினால் நின்றுதான் ஆக வேண்டும்.

பக்கத்தில் ஒருவர்

ஆலயம் இல்லாதவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் அதே கட்டாயத்தைத் தருவது நாலு கை வாசிப்பு, அதாவது ஒரே கீபோர்டில் இருவர் சேர்ந்து வாசிப்பது. இசையமைப்பாளர் அன்டன் டியாபெல்லியின் ஓபஸ் (படைப்பு எண்) 149 இதற்கென்றே எழுதியது போன்றது: 28 பாடல்கள், மேல் பாகத்துக்கு ஐந்து நோட்டு எல்லைதான். அதுவும் இலவசமாகக் கிடைக்கும். அக்கா கீழ்ப்பாகம், தம்பி மேல்பாகம். 61 கீ உள்ள கீபோர்டில் கீ போதாத இடத்தில் ஓர் ஆக்டேவ் தள்ளி வாசித்துக்கொள்ளலாம். தவறினால் என்ன ஆனாலும் அடுத்த பாரின் முதல் துடிப்பில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் விதி. ஆசிரியரிடம் வாரம் ஒரு மணி நேரம் போகிறவர்கள், அதில் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்குக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் கொடுத்துப் போகும் வகுப்பில் வேறெந்தப் பத்து நிமிடமும் இவ்வளவு பலன் தராது.

ஆள் இல்லையென்றால் கீழ்ப்பாகத்தை முதல் நாள் மெதுவாக வாசித்துப் பதிந்து வைத்து, ஒரு வாரம் கழித்து அதோடு சேர்ந்து மேல்பாகத்தை வாசிக்கலாம். பதிவும் யாருக்காகவும் காத்திருக்காது.

எதை எடுப்பது?

நோட்டின் பெயர் வராதவர் மூன்று வாரம் செயலியும் கிரேடு 1 புத்தகமும். காலப்பிரமாணம் குழம்புகிறவர் செயலியைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு தாளையும் முதலில் தொடையில் தட்டி, வாயால் எண்ணி, பிறகு வாசித்தால் போதும், அதோடு நாலு கை. கண் கீழே போகிறவருக்குப் புத்தகமே சரி, ஆனால் கைக்கு மேலே ஒரு துண்டை விரித்துக்கொண்டு. இரண்டு கறுப்புக் கீ, மூன்று கறுப்புக் கீ என்று விரலே தடவித் தெரிந்துகொள்ளும். பத்து நாளில் வித்தியாசம் தெரியும். நின்று திருத்துகிறவருக்குப் புத்தகமும் செயலியும் தனியாக உதவாது. கிரேடு 3 வரை நாலு கை, அதற்கு மேல் பாமாலை.

நாளுக்கு இருபது நிமிடம்தான் இருக்கிறது என்றால் பதினைந்தைப் புதிய தாள்களுக்கும், ஐந்தை உங்கள் குறைக்கான மருந்துக்கும் கொடுங்கள். பாடல் பயிற்சிக்கு முன்னால் வையுங்கள். கடைசியில் வைத்தால் கண் களைத்திருக்கும். இல்லாவிட்டால் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆலயத்தில் வாசிக்க நினைப்பவர் சித்திரை விடுமுறையில் பேஸ் குரலிலிருந்து தொடங்கினால், நவம்பரில் கேரல் ஒத்திகை ஆரம்பிக்கும்போது நான்கு குரலுக்கு வந்திருக்கலாம். டிசம்பரில்தான் வாரத்துக்கு ஏழெட்டுப் புதிய தாள்கள் ஒரேயடியாகக் கைக்கு வரும்.